ஹுத்தான் மெலிந்தாங் பொம்பளை

கமுந்திங்
4 மார்ச் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

புனிதா எழுதிக்கொள்வது. உங்க முட்டிவலி தேவலையா? அர்ச்சுனன் அண்ணனுக்கு இரத்தத்தில் இனிப்புநீர் குறைஞ்சுதா? இங்கே நாங்க சுகம். மகன் ஜொகூருக்கு வேலைக்குப் போனதிலேர்ந்து வீட்டில் நானும் உங்க தம்பியும் மட்டும்தான்.

இந்தக் காலத்தில் இவ என்ன கடிதம் எழுதறான்னு நினைப்பீங்க. போன் பண்ணினா உங்க தம்பி பக்கத்திலேயே இருக்கார். மெசேஜ் போட்டா உங்க போனை அண்ணன் எடுத்துப் பார்ப்பார்னு நீங்கதான் ஒருதரம் சொன்னீங்க. அதான் தபால்.

அண்ணி, உங்க தம்பி நடவடிக்கை எனக்குச் சரியாப் படலை. தைப்பூசம் முடிஞ்சதிலேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஆனா ஓவர்டைம்னு கிளம்பிடறார். போன வாரம் அவர் சூப்பர்வைசர் மனைவியை பாசாரில் பார்த்தேன். "ஞாயித்துக்கெழம கிலாங் மூடித்தானே இருக்கு"ன்னு சொல்றா. தொழிற்சாலையே மூடியிருக்கு, இவர் எங்கே வேலை செய்யறார்? போன ஞாயிறு ஒரு பை கருவாடு வாங்கிட்டு வந்தார். எங்கே வாங்கினீங்கன்னு கேட்டேன். இங்கேதான், நம்ம குடியிருப்புத் தாமான் கடையிலேன்னார். பையிலே அச்சடிச்சிருக்கு, ஹுத்தான் மெலிந்தாங்னு. இங்கேயிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலே கார் ஓட்டிக் கருவாடு வாங்கறவரா அவர்?

நீங்க வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து வாட்சப் குழு ஆரம்பிச்சிருக்காங்க. அதுக்குப் பிறகுதான் இது. ராத்திரி பழைய படங்களைப் பார்த்துச் சிரிச்சிக்கிறார். நான் பக்கத்தில் போனா போனைக் கவுத்து வைக்கிறார்.

நேராவே கேட்கிறேன். படிக்கிற காலத்தில் அவருக்கு யாராவது இருந்தாங்களா? உங்களைத் தவிர யார்கிட்ட கேட்பேன்.

உங்க பதிலுக்குக் காத்திருக்கும்
புனிதா

*

புந்தோங், ஈப்போ
5 ஏப்ரல் 2024

அன்பு புனிதாவுக்கு,

கலாதேவி எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் தலைசுற்றல் நின்றதா? மருந்தை விடாமல் சாப்பிடு.

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. உன் கடிதத்தை உங்க அண்ணன்தான் தபால்பெட்டியிலிருந்து எடுத்தார். பிரித்து, படித்து, இரண்டு வாரத்துக்கு மேல் தன் சட்டைப்பையில் வைத்திருந்து பிறகுதான் என்னிடம் கொடுத்தார். "ஒன் தம்பி லட்சணத்தப் பாத்தியா"ன்னு ஒரு பேச்சு வேறு. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து அவருக்கு வாசலில் கண்ணாகத்தான் இருக்கிறது. இனிமேல் நான் வேலை செய்யும் தையல்கடை முகவரிக்கு எழுது. கீழே போட்டிருக்கிறேன்.

தம்பியைப் பற்றி நீ நினைப்பது போல் ஒன்றும் இருக்காது. அந்த வயதில் எல்லாரும் விளையாட்டுப் பிள்ளைகள்தான். நீ அவனிடம் எதையும் கேட்டுச் சண்டை போடாதே.

அவன் ஹுத்தான் மெலிந்தாங்கில் எந்தப் பக்கம் போகிறான்? கோயில் பக்கமா, ஆற்றுப் பக்கமா? யார் வீட்டுக்கு? அங்கே இருப்பது ஆம்பளையா, பொம்பளையா? அந்த ஆள் உடம்பு நன்றாக இருக்கிறதா? தெரிந்தால் எழுது.

அன்புடன்
கலா

*

கமுந்திங்
15 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. கோயிலுக்குப் போனீங்களா? எனக்குத் தலைசுற்றல் பரவாயில்லை. மனசுதான் சுற்றுது.

உங்க கடிதத்தை நாலைந்து தரம் படிச்சேன். நான் ஒன்னு கேட்டேன், நீங்க நாலு கேட்டிருக்கீங்க. ஆற்றுப் பக்கமான்னு ஏன் கேட்டீங்க? உடம்பு நல்லாருக்கான்னு யாரைக் கேட்டீங்க? அங்கே யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும் போல இருக்கே.

புது விஷயம் ஒன்னு. உங்க வீட்டுப் பழைய படம் எங்ககிட்ட இருக்கே, தோட்டத்து லாரி பின்னாடி பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் நிற்கிற படம். அதை அவர் சட்டத்திலேர்ந்து கழற்றிட்டுப் போய் தைப்பிங்கில் பெரிசாப் பிரிண்ட் போட்டிருக்கார். அந்தப் பெரிய படம் வீட்டுக்கு வரலை. எங்கே போச்சு? அந்த லாரியில் ஏழு எட்டுப் பெண் பிள்ளைகள் இருக்காங்க. உங்களை மட்டும்தான் எனக்கு அடையாளம் தெரியுது, ரெட்டைப் பின்னல். மத்தவங்க யார்? அவர் யாருக்காக அந்தப் படத்தைத் தூக்கிட்டுப் போனார்?

மறைக்காதீங்க அண்ணி. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்.

புனிதா

*

புந்தோங்
29 ஏப்ரல் 2024

அன்பு புனிதாவுக்கு,

நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

சரி, சொல்கிறேன். இதோடு விட்டுவிட வேண்டும்.

தினேஸ்வரி என்று ஒரு பெண். எங்கள் தோட்டத்தில் மேல்லயத்து வரிசையில் வீடு. விடியும் முன்னால் தோட்டத்து லாரி எங்களை ஏற்றிக்கொண்டு டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகும். பனியில் பலகையெல்லாம் ஈரமாக இருக்கும். ஒரு பையன் தினமும் முன்னாடியே ஏறி, தன் பையைப் பக்கத்தில் வைத்து அவளுக்கு இடம் பிடிப்பான். அவள் வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். அவ்வளவுதான். பேச மாட்டார்கள். டவுன் வரும்வரை லாரி குலுங்கும்போது தோள் இடிக்கும், அதற்கே இரண்டு பேரும் வெளியே பார்ப்பார்கள்.

அவள் பாரம் மூணு, அதாவது ஒன்பதாம் வகுப்பு, படித்த வருஷம் விளையாட்டுப் போட்டி. ஓட்டத்துக்கு நிற்கப்போகும் நேரத்தில் அவள் சப்பாத்து அடி பிய்ந்துவிட்டது. அவன் தன் வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தான். அவளுக்கு அது பெரிசு. முன்னாடி செய்தித்தாளைக் கசக்கி அடைத்துக்கொண்டு ஓடினாள். திடலைச் சுற்றி அவன் வெறுங்காலோடு கூடவே ஓடினான். மூன்றாவதாக வந்தாள். அன்று வெயிலில் அந்தப் புல்வெளி எப்படி இருந்தது என்று இப்போதும் சொல்லலாம்.

அந்தச் சப்பாத்தோடு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். உள்ளே மையில் அவன் பெயர் எழுதியிருந்தது. அவள் அப்பா பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

அந்தப் பையன்தான் உன் புருஷன். பழைய ஞாபகத்தில் அந்தப் பக்கம் போகிறான் போலிருக்கிறது. பாவம், விட்டுவிடு.

கலா

*

கமுந்திங்
20 மே 2024

அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலமா இருப்பீங்கன்னு நம்பறேன்.

எங்க கையுறைத் தொழிற்சாலையில் புதுசா ஒரு அக்கா சேர்ந்திருக்காங்க, நவமணின்னு. பேச்சுவாக்கில் கேட்டா உங்க தோட்டம். நேத்து கேண்டீனில் உட்கார்ந்து தினேஸ்வரியைத் தெரியுமான்னு கேட்டேன்.

"மேல்லயத்து தினேஸ்வரியா? அது கல்யாணத்துக்கு முன்னாடியே மஞ்சக்காமாலையில போயிருச்சே லா. ஒங்க நாத்தனாரும் அதுவும் ஒரே வகுப்பு. ஒங்க வீட்டுக்காரு சின்னப் பையன், அவருக்கு அதோட என்னா பேச்சு"ன்னாங்க.

சாப்பாட்டைப் பொட்டலமா தப்பாவ் கட்டிக்கிட்டு வெளியே வந்துட்டேன், அங்கே உட்கார முடியலை. அண்ணி, செத்துப்போன ஒரு பிள்ளையை எனக்கு ஏன் காட்டினீங்க? அவ வந்து இல்லேன்னு சொல்ல மாட்டான்னா? அந்த லாரி, அந்த ஓட்டம், அதையெல்லாம் கட்டி எழுத முடியாது. நடந்ததைத்தான் எழுதியிருக்கீங்க. பேரை மட்டும் மாத்தியிருக்கீங்க. உங்க தம்பிக்காக என்னை ஏமாத்தறீங்க. இப்ப உங்க மேலேயும் எனக்கு நம்பிக்கை போச்சு.

ரெண்டாம் தேதி ஞாயிறு எனக்கு சூத்தி. லீவு போட்டாச்சு. அவரோட நானும் போறேன். அந்தப் பொம்பளை முகத்தை ஒரு தரம் பார்க்கணும்.

புனிதா

*

புந்தோங்
27 மே 2024

புனிதா,

போகாதே. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். உன் வாழ்க்கைக்கு அங்கே ஆபத்து இல்லை. இதை மட்டும் நம்பு. காரணம் கேட்காதே.

போய்த்தான் ஆவேன் என்றால், யாரிடமும் சத்தம் போடாதே. அங்கே இருப்பவர் எப்படி இருந்தாலும் மரியாதையாகப் பேசு.

கலா

*

கமுந்திங்
4 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இதை உட்கார்ந்து படிங்க. படிச்சதும் கிழிச்சுப் போட்டுடுங்க.

ஞாயிறு காலை அவர் காரை எடுக்கறப்ப நான் முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். "எங்க போற?"ன்னார். "நீங்க போற எடத்துக்கு"ன்னேன். காரை எடுத்தார். தெலுக் இந்தானில் ஒரு கடையில் நிறுத்தித் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தார்.

"அங்க போயி ஒன்னும் கேக்காத. அவரா சொன்னா கேட்டுக்க."

அவர்னு சொன்னார். அதுவரைக்கும் நான் அவளைப் பத்தியே நினைச்சிக்கிட்டு வந்திருந்தேன். அப்பவும் நம்பலை. பேச்சை மாத்தறார்னுதான் நினைச்சேன்.

ஆற்றோரம் பலகை வீடு. வாசல் முழுக்க ஊடான், இறால், காயுது. கதவுக்கு மேலே ஏசு படம், சின்ன சிவப்பு விளக்கு. ஒரு பெண் வெளியே வந்தா. இருபது இருபத்தைந்து வயசிருக்கும், லட்சணமா இருந்தா. இவரைப் பார்த்ததும் சிரிச்சா. இவதானோன்னு நினைச்சேன். "வாங்க அங்கிள், அப்பா காலையிலேர்ந்து வாசலையே பாக்குறாரு"ன்னு சொன்னா. அப்பதான் எனக்கு மூச்சு வந்துது.

பேர் கார்மென். தாய் இல்லை. உள்ளே கட்டிலில் அவ அப்பா. நல்ல உயரமான ஆளா இருந்திருக்கணும், இப்ப சட்டைக்குள்ளே எலும்புதான். சிறுநீரகம் போயிடுச்சு. வாரத்துக்கு மூணு தரம் தெலுக் இந்தானுக்கு இரத்தம் சுத்தம் பண்ணப் போறார். ஒரு கை முழுக்க ஊசிபட்டு வீங்கியிருக்கு. முன்னே மீன்படகில் வேலையாம். அவர் உடம்புக்கு முடியலேன்னு யாரோ குழுவில் போட்டிருக்காங்க, அதைப் பார்த்துத்தான் உங்க தம்பி போக ஆரம்பிச்சிருக்கார். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அந்த லாரிப் படம், பெரிசா.

உங்க தம்பி சொன்னார், "அந்தோணி அண்ணே, இது என் வீட்டுக்காரி."

அவர் என்னையே பார்த்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், ஒன்னும் கேட்கலை. "கலா நல்லாருக்கா தங்கச்சி?"ன்னு கேட்டார்.

நல்லாருக்காங்கன்னேன்.

கார்மென் வெளியே போன பிறகு அவராவே சொன்னார். "ஒங்க நாத்தனாரு என் சப்பாத்தப் போட்டுக்கிட்டு ஓடுச்சு. மூனாவதா வந்துச்சு. கப்ப வாங்கி எனக்குத்தான் மொதல்ல தூக்கிக் காட்டுச்சு. திங்கக்கெழம லாரி வந்துச்சு, அது வரல. நான் பையப் பக்கத்துல வெச்சேன். ஸ்கூல் முடியிற வரைக்கும் வெச்சுக்கிட்டுத்தான் போனேன். பசங்க சிரிப்பானுங்க. ஒங்க வீட்டுக்காரரு சின்னப் பையன், எதுக்கால ஒக்காந்து அழுவாரு."

திரும்பி வர்றப்ப உங்க தம்பி சொன்னார். அப்பா உங்களை அடிச்ச அன்னிக்கு நீங்க இவர் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினீங்களாம், அந்தப் பேரை யார்கிட்டேயும் சொல்லக்கூடாதுன்னு. "ஒன்கிட்ட மட்டும் எப்படிச் சொல்றது"ன்னார். சந்தேகப்பட்டாலும் பரவாயில்லைன்னு இருந்திருக்கார். தாப்பா தாண்டற வரைக்கும் அவர் கை மேலே கை வெச்சுக்கிட்டு வந்தேன்.

உங்களுக்கு அவரைப் பார்க்கணுமா? வேணாம்னா அதையும் எழுதுங்க. ரொம்ப நாள் இருப்பார்னு எனக்குத் தோணலை.

உங்க
புனிதா

*

புந்தோங், ஈப்போ
24 ஜூன் 2024

தங்கச்சி புனிதாவுக்கு அர்ச்சுனன் எழுதுவது.

நலம். உன் வீட்டிலும் நலமாக இருக்க வேண்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் புந்தோங் பஸ் நிறுத்தத்தில் உங்க அண்ணி ஒரு கடிதத்தைக் கிழித்துச் சாக்கடையில் போட்டதை நான் எதிர்க்கடையிலிருந்து பார்த்தேன். கிழிப்பதற்கு முன் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். உறையில் கமுந்திங் முத்திரை. வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். ஏதோ துணி பில் என்றாள். அன்றிலிருந்து சாப்பாட்டில் உப்பு இல்லை, பேச்சு இல்லை.

நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன். யார் எங்கே ஏறினார்கள், எங்கே இறங்க நினைக்கிறார்கள் என்று கண்ணாடியில் பார்த்தே சொல்வேன். இவளைப் பெண் பார்க்க வந்தபோதே ஒருத்தன் என் காதில் போட்டான், பள்ளிக்கூடத்தில் ஏதோ நடந்துதான் இவளை நிறுத்தினார்கள் என்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கிறேன். ஒன்றுமில்லை என்பதுதான் பதில்.

உன் முதல் கடிதத்தில் ஹுத்தான் மெலிந்தாங் என்று படித்தேன். அங்கே இருப்பது யார்? உன் புருஷனுக்கு வேண்டியவளா, என் பெண்டாட்டிக்கு வேண்டியவனா? உண்மையை எழுது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் நானே பஸ் ஏறிப் போய் விசாரிப்பேன். அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டில் இருப்பதா இல்லையா என்பதை முடிவு செய்வேன்.

அர்ச்சுனன்

*

கமுந்திங்
26 ஜூன் 2024

மதிப்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி புனிதாவின் வணக்கம். நேரத்துக்கு மருந்து சாப்பிடறீங்களா? கால் புண் ஆறிடுச்சா?

நீங்க கேட்டதால் எழுதறேன். எழுதவே கூசுது. அங்கே இருப்பது பொம்பளைதான். உங்க மச்சானுக்குப் பழக்கம். ஸ்கூல் நாளிலேர்ந்து உள்ள விஷயம். உடம்புக்கு முடியாத ஒரு பழைய கூட்டாளியைப் பார்க்கப் போறேன்னு சாக்குச் சொல்லிட்டுப் போறார். கூட்டாளி இருக்கிறது நிஜம். நானே போய்ப் பார்த்தேன், படுத்த படுக்கை. ஆனா இவர் போறது அவருக்காகவா என்ன.

அண்ணி கிழிச்சது என் கடிதம்தான். என் கண்ணீரையெல்லாம் அதில் கொட்டியிருந்தேன். தம்பி மானம் போயிடுமேன்னுதான் உங்ககிட்ட மறைச்சிருக்காங்க. தயவுசெஞ்சு அவங்களைத் திட்டாதீங்க. கூடப்பிறந்தவங்க வேற என்ன செய்வாங்க.

நீங்க அங்கே போக வேண்டாம் அண்ணே. ஆம்பளைங்க போனா அடிதடி ஆயிடும், நாலு பேருக்குத் தெரிஞ்சா என் மகனுக்கு நாளைக்குப் பெண் கிடைக்காது. நானே அவரோட போய்க் கண்காணிக்கலாம்னா ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை மாத்திட்டாங்க. சொந்தத்தில் அவர் பயப்படற மாதிரி பெரியவங்க யாராவது கூட இருந்தா அவளோட பேச்சுக் குறையும். அப்படி யார் இருக்காங்க எனக்கு? பெரியவர் நீங்கதான் வழி சொல்லணும்.

தங்கச்சி
புனிதா

*

புந்தோங், ஈப்போ
8 ஜூலை 2024

தங்கச்சி புனிதாவுக்கு,

அர்ச்சுனன் எழுதுவது. கால் புண் ஆறிவிட்டது. உன் கடிதம் கண்டு மனம் வருந்தினேன். அவன் முகத்தைப் பார்த்தால் பூனை மாதிரி இருப்பான், நான் அப்போதே நினைத்தேன். இருந்தாலும் நீ பொறுமையாக இரு. ஆம்பளை என்றால் ஒரு வயதில் இப்படித் தடுமாறுவது உண்டு. குடும்பத்தை உடைத்துக்கொள்ளாதே.

நான் ஒரு யோசனை செய்தேன். இனி ஞாயிற்றுக்கிழமை அவன் போகும்போது ஈப்போ வந்து உங்க அண்ணியையும் ஏற்றிக்கொண்டு போகட்டும். மூத்தவள் பக்கத்தில் இருந்தால் அவனுக்குக் கூச்சம் இருக்கும். அவள் வரமாட்டேன் என்று எவ்வளவோ சொன்னாள். நான் விடவில்லை. "ஒன் தம்பி குடும்பம், நீதான் காப்பாத்தணும்" என்று கண்டித்துச் சொல்லிவிட்டேன். அங்கே நடப்பதை வந்து எனக்கு ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

நீ கவலைப்படாதே. நான் இருக்கிறேன்.

அர்ச்சுனன்

*

புந்தோங்
29 ஜூலை 2024

அன்பு புனிதாவுக்கு,

கலா எழுதுவது. நன்றாகச் சாப்பிடுகிறாயா? என் முட்டிவலிக்குப் புதுத் தைலம் போடுகிறேன், பரவாயில்லை.

நேற்றுப் போய் வந்தேன். போகும் வழியெல்லாம் தம்பி சிரித்துக்கொண்டே வந்தான். "புனிதா எனக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டா லா. மாமா என்னைப் பாக்குற பார்வையே வேற"ன்னான். அவன் சிரித்தாலும் எனக்கு உறுத்தியது. உன் புருஷனை நீயே கெட்டவனாக்கி எழுதியிருக்கிறாய். நான் உனக்குப் பொய் சொன்னவள்.

வாசலில் இறங்கியதும் கார்க் கண்ணாடியில் என் நரைத்த தலையைப் பார்த்தேன், திரும்பிப் போகலாம் என்று தம்பியிடம் சொன்னேன். அதற்குள் அந்தப் பெண் வந்து கையைப் பிடித்துவிட்டாள். அவர் எழுந்து உட்கார முயன்றார். வேண்டாம் என்றேன். "கலா"ன்னார். "ம்"னேன். நல்லாருக்கியா என்று கேட்டார், இருக்கேன் என்றேன். கொஞ்ச நேரம் படத்தில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டோம். பாதிப்பேர் இல்லை. மருந்துக் களைப்பில் நடுவிலேயே தூங்கிவிட்டார். நான் பக்கத்தில் ஊடானுக்குத் தலை கிள்ளிக்கொண்டு இருந்தேன். விழித்துப் பார்த்து, "போயிட்டியோன்னு நெனச்சேன்"னார். அவ்வளவுதான் புனிதா. வேறு எதுவும் பேசவில்லை. எனக்கு வேறு எதுவும் வேண்டியும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உங்க அண்ணன் கதவைச் சாத்திவிட்டு விசாரித்தார்.

"அந்தப் பொம்பள வந்துச்சா?"

"வந்துச்சு."

"எப்படி இருக்கா ஆளு?"

"வயசாயிருச்சு. தலையெல்லாம் நரை."

"இதுக்கா ஒன் தம்பி இவ்ளோ தூரம் ஓடுறான்? பேசினாளா?"

"அதிகம் பேசல. ஆனா சந்தோசமா இருந்துச்சு."

உங்க அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அவளுக்கு இடம் கொடுக்காதே, அடுத்த வாரமும் கண்டிப்பாகப் போ என்று சொல்லியிருக்கிறார். சரி என்றேன்.

என்றும் உன்
கலா அண்ணி